ஒட்டங்குளத்து நால்வர் புரதம் தின்ற கதை

ஒட்டங்குளம் என்று ஓர் ஊர். அங்கே எல்லாரும் புத்திசாலிகள்தான், நாலு பேரைத் தவிர. அந்த நாலு பேரையும் ஒன்றாகச் சேர்த்து வடம் இழுக்கும் அணி என்று வைத்திருந்தார்கள். வேறு எந்த வேலைக்கும் அவர்களைக் கூப்பிட ஊருக்குத் தைரியம் இல்லை. வடம் இழுப்பதில் என்ன தப்பு வந்துவிடும், இழுக்க வேண்டியது ஒரே பக்கம்தானே என்று பெரியவர்கள் நினைத்தார்கள். முதல் வருடப் போட்டியிலேயே அந்த நாலு பேரில் சடையன் என்பவன் எதிர்ப்பக்கம் போய் நின்று இழுத்தான். கேட்டதற்கு, அங்கேதான் நிழல் இருந்தது என்றான்.

அணிக்குத் தலைவன் சோணமுத்து. குரல் பெரிசு, அதனால் தலைவன். தவசி என்பவன் யோசிக்கிறவன். யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வான். இரண்டையும் மூடினால் தூக்கம் வந்துவிடுமாம். ஒச்சப்பனுக்கு எதிலும் சந்தேகம். சடையனுக்கு எதிலும் சந்தேகமே கிடையாது.

ஒட்டங்குளத்துக்கும் பக்கத்து மேலக்கரைக்கும் நடுவே ஒரு கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது இரண்டு ஊரும் வடம் இழுக்கும். ஜெயிக்கிற ஊருக்கு அந்த வருடத்து மீன் முழுக்க. மேலக்கரைதான் எப்போதும் ஜெயித்தது. அந்த ஊர் அணிக்குத் தலைவன் வீரணன். அவன் வேறு யாருமில்லை, சோணமுத்துவின் மனைவி இருளாயிக்கு உடன்பிறந்த அண்ணன்.

ஜெயித்த மறுநாள் வீரணன் தங்கச்சிக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய விரால் மீன் குழம்பு கொடுத்தனுப்புவான். அதில் பாசமும் உண்டு, நக்கலும் உண்டு. சோணமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு தின்பான். கோபம் அடங்காமல் சட்டியையும் வழித்து நக்குவான்.

இந்த வருடம் இருளாயிக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தாருங்க, இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நம்ம கண்மாய் மீனை அடுத்த வீட்டுச் சட்டியில பாத்து பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

"எப்ப வருவ?"

"மீன் தீர்ந்ததும் வாரேன்."

சோணமுத்து கண்மாயை நினைத்துப் பார்த்தான். மீன் தீருமா? அது வருடா வருடம் குஞ்சு பொரிக்கிறதே. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான்.

அங்கே டாக்டர் மங்கையர்க்கரசி புதிதாக வந்திருந்தார். சின்ன வயசு, நிறையப் பொறுமை. அந்தப் பொறுமை எவ்வளவு நாள் தாங்கும் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

"டாக்டரம்மா, எங்களுக்குப் பலத்துக்கு ஊசி போடணும்," என்றான் சோணமுத்து. "பெரிய ஊசியா ஒண்ணு போட்டாலும் போதும். நாங்க நாலாப் பிரிச்சுக்குவோம்."

"ஊசியில பலம் வராதுப்பா. சாப்பாட்டுலதான் வரும். புரதம் சாப்பிடுங்க. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, மீன், பால், இதுல எல்லாம் இருக்கு."

"முட்டையைத் தின்னா அது எப்படிக் கைக்கு வரும்?" ஒச்சப்பன் கேட்டான். "வழியில எங்கயும் தங்கிராதா?"

டாக்டரம்மாவுக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புரதம்னா ஒரு நீளமான பாசிமணி மாலைன்னு வெச்சுக்குங்க. சுருட்டி முடிச்சுப் போட்ட மாலை. நீங்க மென்னு முழுங்குறீங்க. வயித்துல ஒரு அமிலம் ஊறும். அது அந்த முடிச்சை அவுத்துவிடும். அங்க ஊறுற சாறு மாலையைத் துண்டு துண்டா அறுக்கும். சிறுகுடலுக்குப் போனதும் இன்னும் வேற சாறெல்லாம் வந்து, மணி மணியா உதிர்த்துரும். அந்த மணிதான் ரத்தத்துல ஏறும். ரத்தம் உடம்பு முழுக்கச் சுமந்துட்டுப் போகும். அங்கங்க உடம்பு தனக்கு வேண்டிய மாலையைப் புதுசா கோத்துக்கும். தசை, முடி, நகம் எல்லாம் அப்படிக் கோத்ததுதான்."

"அப்ப நான் தின்ன கோழி எனக்குள்ள கோழியா இருக்காதா?" என்றான் சடையன்.

"இருக்காது. சடையனாத்தான் இருக்கும்."

சடையன் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டான். இத்தனை வருடம் அவன் மனசுக்குள் இருந்த பயம் அன்றைக்குத்தான் நீங்கியது.

டாக்டரம்மா உற்சாகமாகிவிட்டார். "அரிசியையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடுங்க. ஒண்ணுல குறையுற மணி இன்னொண்ணுல இருக்கும். அப்புறம், ஒரே வேளையில திணிக்காதீங்க. நெல்லைக் குதிருல போட்டு வைக்கிற மாதிரி புரதத்தை உடம்பு சேர்த்து வைக்காது. மிச்சமானதை எரிச்சிரும், இல்லைன்னா கொழுப்பாக்கிரும். அதுல வர்ற கழிவு ஒண்ணுக்குல போயிரும். முக்கியமான விஷயம், உழைக்கணும். சாப்பாடு செங்கல் மாதிரி. செங்கலை இறக்கிட்டா வீடு எழும்பிருமா? கொத்தனார் வேணும்ல?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் அவர்களுக்கு எதையும் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே கொத்தனாரைத் தேடிப் போனார்கள். சின்னக்கண்ணு கொத்தனார் பக்கத்துத் தெருவில் மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவசரமான வேலை, கொத்தனாரே. வாங்க," என்றான் சோணமுத்து.

"எங்க கட்டணும்?"

சோணமுத்து சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டினான். "இங்க."

சின்னக்கண்ணு வீடு கட்டியிருக்கிறார், கிணறு கட்டியிருக்கிறார், ஒரு தடவை கோயில் யானைச் சிலைக்கு உடைந்த தும்பிக்கையைக் கூட ஒட்டியிருக்கிறார். புஜம் கட்டியதில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சோணமுத்துவின் வீட்டிலிருந்து முட்டைக் குழம்பு வாசனை வந்தது. திறந்த வாயால், "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்," என்றார்.

சாப்பிட்டு முடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நால்வரும் நேராக நிற்கிறார்களா என்று பார்த்தார். சடையன் தோள் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றார். தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். பிறகு ஒச்சப்பனின் பாதத்தைப் பார்த்து, "அஸ்திவாரத்துல வெடிப்பு இருக்கே," என்றார்.

"பூசிரலாமா?"

"பூசலாம். சிமெண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கு."

இருளாயி அகப்பையோடு வந்ததால் அந்தப் பூச்சு வேலை அப்படியே நின்றுபோனது. ஆனால் கொத்தனார் அன்றிலிருந்து வேளை தவறாமல் வந்தார். வேலை ஆரம்பிக்குமுன் செங்கல் தரத்தைப் பார்க்க வேண்டும் என்று முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அடுத்த சிக்கல் பருப்பில் வந்தது. சடையனுக்குப் பருப்பென்றால் ஆகாது. ஒச்சப்பன் சோறு தின்றால் தூக்கம் வருகிறது என்று பருப்பை மட்டும் குடிக்கிறவன்.

"சேர்த்துச் சாப்பிடணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே," என்றான் சோணமுத்து.

தவசி ஒரு கண்ணை மூடினான். "சேர்ந்துதான் சாப்பிடணும். ஒரே ஆள் சாப்பிடணும்னு அவங்க சொல்லலை."

அதன்படி சடையனும் ஒச்சப்பனும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். இவன் வெறும் சோற்றைத் தின்றான், அவன் வெறும் பருப்பைக் குடித்தான். மணிகள் இந்த முதுகிலிருந்து அந்த முதுகுக்குப் போய்வர ஏதுவாக இரண்டு பேரையும் ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். சாப்பிட்டு முடிந்து கை கழுவ ஒருவன் கிழக்கே எழுந்தான், மற்றவன் மேற்கே எழுந்தான். அந்த வருடத்தில் அவர்கள் செய்த ஒரே வடம் இழுக்கும் பயிற்சி அதுதான்.

சடையன் முதுகைத் தடவிக்கொண்டே, "உன் பருப்பு வந்து சேர்ந்திருச்சுப்பா. சூடாத் தெரியுது," என்றான்.

தவசிக்குப் பிறகு ஒரு பெரிய யோசனை வந்தது. மூடிய கண் வெகுநேரம் திறக்கவில்லை.

"அண்ணே, மாலையை அறுக்கிறது, மணியை உதிர்க்கிறது, இத்தனை வேலையும் வயிறு செய்யுது. பாவம், அதுலயே பாதிப் பலம் போயிரும். அதை நாமளே வெளியில செஞ்சு கொடுத்துட்டா?"

"அமிலத்துக்கு எங்க போறது?"

"அமிலம்னா புளிப்புதானே."

ஒரு பெரிய மண்பானையைக் கொண்டுவந்தார்கள். அவித்த முட்டையை உரலில் இடித்துப் போட்டார்கள். கொண்டைக்கடலையை இடித்துப் போட்டார்கள். புளியைக் கரைத்து ஊற்றினார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். வீட்டில் புளித்துக் கிடந்த மோரையும் கவிழ்த்தார்கள். வயிறு இளஞ்சூடாக இருக்கும் என்பதால் பானையைச் சாக்கால் சுற்றி வெயிலில் வைத்தார்கள். சடையன் அவ்வப்போது போய்ப் பானையைத் தட்டி ஏப்பம் விடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான்.

ஏப்பம் விட்டது. தெருவே கேட்டது. மூடி பறந்து கூரை மேல் விழுந்தது.

"செரிச்சிருச்சு!" என்று கத்தினான் சோணமுத்து.

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பானையை வேட்டியில் வடிகட்டினார்கள். மணி ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தடவை வடிகட்டினார்கள். ஒரு எலுமிச்சை விதைதான் கிடைத்தது.

ஒச்சப்பன் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். "எனக்கு அப்பவே சந்தேகம். மணி இல்லாத முட்டையைக் கொடுத்து கோழி நம்மளை ஏமாத்திருச்சு."

கோழியைப் பிடித்துவந்து நடுவில் நிறுத்தினார்கள். "மணியை எங்க வெச்ச?" என்று சோணமுத்து அதட்டினான். கோழி ஒன்றும் பேசாமல் சிந்திக் கிடந்த கடலையைக் கொத்தித் தின்றது. "பாருங்க, வாயே திறக்க மாட்டேங்குது. திருட்டு முழி," என்றான் தவசி.

இந்த விசாரணை நடக்கும்போதே சடையன் உள்ளே போய்விட்டான். அறுத்து உதிர்த்துக் கஷ்டப்படுவானேன், மணியாகவே முழுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இருளாயியின் பவளமணி மாலையை எடுத்து, முதல் மணியை வாயில் வைத்த நேரம் அவள் வந்துவிட்டாள். அகப்பை அன்று முழுக்க அவள் கையைவிட்டு இறங்கவில்லை. பானை குப்பைமேட்டுக்குப் போனது. தெருநாய்கள் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் இருளாயி புருஷனிடம், "அண்ணன் வீட்டுக்குப் போறதுக்குப் புடவையெல்லாம் மடிச்சு வெச்சாச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சோணமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

"நான் விடாம தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், இருளாயி."

"அது எனக்குத் தெரியும்."

பயத்தில் அவன் மூன்று பேரையும் கூட்டி அவசர ஆலோசனை நடத்தினான். "இவ்வளவு தின்னும் பலம் தெரியலையே. எங்க போகுது?"

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணுக்குல போயிரும்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்களே, அண்ணே."

 ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து யாரும் ஒதுங்கப் போகக்கூடாது என்று முடிவானது. ஒருவருக்கு ஒருவர் காவல். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் நால்வரும் கால் மேல் கால் பின்னிக்கொண்டு, வேப்பமரத்தடியில் நெட்டுக்குத்தாக நின்றார்கள். யாரும் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்தால் போச்சு என்று தவசி எச்சரித்திருந்தான்.

"பலம் ஏறுது அண்ணே," என்றான் சடையன், கண்ணில் நீர் முட்ட. "கழுத்து வரைக்கும் வந்திருச்சு."

அந்நேரம் பார்த்து எதிர்த்தோட்டத்தில் யாரோ பம்புசெட்டைப் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் சளசளவென்று விழுந்தது. நால்வரும் ஒரே சமயத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடினார்கள். ஓர் அணியாக அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது. ஊரார் பார்த்து, இந்த வருடம் கட்டாயம் ஜெயிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

போட்டிக்கு முன்தினம் டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்தார். நால்வரும் வெயிலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. சின்னக்கண்ணு கொத்தனார் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு சாக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"புதுக் கட்டுமானம், டாக்டரம்மா. தண்ணி காட்டலைன்னா வெடிச்சிரும்னு கொத்தனார் சொல்லிட்டாரு," என்று சொல்லி சோணமுத்து தும்மினான். மற்ற மூவரும் வரிசையாகத் தும்மினார்கள்.

டாக்டரம்மா கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனாரின் கன்னம் உப்பியிருந்தது, தோள் திரண்டிருந்தது. பகலெல்லாம் சுவர் வைத்து, வேளைக்கு வேளை முட்டையும் கடலையும் தின்றால் வேறு எப்படி இருக்கும்?

"புரதம் வேலை செஞ்சிருக்கு. ஆனா ஆள்தான் மாறிப்போச்சு," என்றார் டாக்டரம்மா. "வடத்தை ஒரு தடவையாவது இழுத்துப் பாத்தீங்களா?"

"நாங்க எதுக்கு இழுக்கணும்? உழைப்புக்குத்தான் கொத்தனாரை வெச்சிருக்கோமே."

டாக்டரம்மா கொத்தனார் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு நானும் வாரேன். யாருக்காவது ஏதாவது ஆனா பாக்கணும்ல," என்று சொல்லிப் போனார்.

மறுநாள் கண்மாயே திருவிழாவாக இருந்தது. நடுவே தண்ணீர் ஓடும் மடை வாய்க்கால். அதற்கு இந்தக் கரையில் நம்முடைய நால்வர். அந்தக் கரையில் வீரணனும் அவன் ஆட்கள் மூன்று பேரும். ஒவ்வொருவனும் தூண் மாதிரி. அவர்கள் நின்றது ஒடுக்கமான ஒரு மேடு. அதற்குப் பின்னால் கண்மாய்த் தண்ணீர். நடுவர் அயலூர்க்காரரான பிச்சை வாத்தியார். அவர் விதியை உரக்கச் சொன்னார்: "எவன் கால் தண்ணியில நனையுதோ, அவன் ஊரு தோத்தது. அவ்வளவுதான்."

விசில் அடித்தது. மேலக்கரை ஓர் இழுப்பு இழுத்தது. நால்வரும் வழுக்கிக்கொண்டே வாய்க்காலை நோக்கிப் போனார்கள். சோணமுத்துவின் கட்டைவிரலுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கூட்டத்தில் இருளாயி நின்றிருந்தாள். இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அண்ணன். அவள் கை தானாக இடுப்புச் சேலையை இறுக்கிக்கொண்டது.

"இழுங்க! அட இழுங்களேன்!" என்று கத்தினாள். புருஷன் பெயரைச் சொல்லாவிட்டாலும் யாரைச் சொன்னாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அதைக் கேட்டதும் சோணமுத்துவுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, குதிகாலை மண்ணில் புதைத்தான். மற்றவர்களும் மூச்சை அடக்கினார்கள். முகங்கள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தன. கரையில் நின்ற டாக்டரம்மா பதறிக் கத்தினார்.

"விடுங்க! மூச்சை அடக்காதீங்க! விடுங்கப்பா!"

நால்வர் காதிலும் அது விழுந்தது. மூச்சை அடக்கியபடியே ஆலோசனை நடந்தது.

"அண்ணே, டாக்டரம்மா விடச் சொல்றாங்க," என்றான் சடையன்.

"எதை?"

"நம்ம கையில வேற என்ன இருக்கு? வடம்தான்."

"இப்ப விட்டா தோத்துருவோமே," என்றான் ஒச்சப்பன்.

"டாக்டரம்மா சொன்னதுல எதையாவது இதுவரைக்கும் மீறியிருக்கோமா?" என்றான் சோணமுத்து. "விடுங்கடா!"

நால்வரும் ஒரே நொடியில் விட்டார்கள். மேலக்கரைக்காரர்கள் நாலு பேரும் இழுத்த வேகத்தில் மல்லாந்து, மேட்டைத் தாண்டி, தடால் தடால் என்று கண்மாய்க்குள் விழுந்தார்கள். வீரணன் எழுந்தபோது அவன் தலையில் ஒரு அல்லிக்கொடி கிரீடம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வடத்தை விட்டுட்டாங்க! இது செல்லாது!" என்று கத்தினான்.

பிச்சை வாத்தியார் இந்தக் கரையில் நின்ற எட்டுக் கால்களையும் குனிந்து பார்த்தார். புழுதி படிந்து காய்ந்து கிடந்தன. அந்தப் பக்கம் பார்த்தார். "விதி காலைப் பத்தித்தான் சொல்லுது, தம்பி. கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. உன் கால் நனைஞ்சிருக்கு."

"கால் மட்டுமா நனைஞ்சிருக்கு!" என்று இருளாயி சொன்னாள். சொன்னவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணனுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள்.  வீட்டுக்குப் போய் மடித்து வைத்த புடவைகளைப் பிரித்துக் கொடியில் போட்டாள். சோணமுத்துவுக்கு அது போதும்.

ஒரு வாரம் ஒட்டங்குளம் முழுக்க மீன் மணத்தது. டாக்டரம்மாவுக்கு ஒரு பெரிய விரால் போனது. கொத்தனாருக்கு இரண்டு போனது.

சில நாள் கழித்து டாக்டரம்மா குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஊருக்கு வந்தார். வரும் வழியில் கண்மாய்க் கரையில் நால்வரும் வரிசையாகக் குந்தியிருப்பதைப் பார்த்தார். அவித்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, மீனுக்குத் தீனியா?"

"ஆமா டாக்டரம்மா. இது நாங்க தின்ன மீனு," என்றான் சோணமுத்து.

"தின்ன மீனா?"

"சதையை மட்டும்தான் தின்னோம். தலையையெல்லாம் கொண்டாந்து தண்ணியிலயே விட்டுட்டோம். தலையில வாய் இருக்குல்ல? வாய் இருந்தாத் தின்னும். தின்னா மணி மணியா உதிர்ந்து, மறுபடி சதை கோத்துக்கும். நீங்க சொல்லிக் கொடுத்தது நாலு பேருக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். ஆழமில்லாத தண்ணீருக்கடியில் மீன் தலைகள் வாயைத் திறந்தபடி வரிசையாகக் கிடந்தன.  "முள்ளு?" என்று கேட்டார்.

"அதை அடுப்புல போட்டுட்டோம். இந்தத் தடவை முள்ளில்லாம வளரட்டும்னு."

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றான் ஒச்சப்பன். "இதுக தின்னுதா இல்லையான்னே தெரியலையே."

"நேத்துப் போட்ட கடலையில ஒண்ணையும் காணோம். நல்லாத்தான் தின்னுது," என்றான் தவசி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு பருந்து சர்ரென்று இறங்கியது. ஒரு கெண்டைத் தலையைக் காலில் பற்றிக்கொண்டு ஜிவ்வென்று மேலே கிளம்பியது. நால்வரும் எழுந்து நின்று, நெற்றியில் கை வைத்து, அது புள்ளியாக மறையும் வரை பார்த்தார்கள்.

சடையன் கை தட்டிக் குதித்தான்.

"பாத்தீங்களா டாக்டரம்மா! சதை வைக்கும்னு காத்திருந்தோம், முதல்ல றெக்கை முளைச்சிருச்சு!"